3,000 பேர், அரசுக் கணக்கில் சைபர்



கொரோனாவைப் பற்றி மறுபடியுமா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தைப் பற்றி. யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், விடப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்கிற கதை அதில் இருக்கிறது. நடந்தது அமெரிக்காவில்.

2020 மார்ச், ஏப்ரல். இங்கே நாம் கைதட்டி, விளக்கேற்றி, கபசுரக் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருந்த நாட்கள். அமெரிக்காவில் நோய் முதலில் தலைகாட்டிய இடங்களில் ஒன்று சியாட்டில். நகரத்துக்குள் வாழும் பூர்வகுடி மக்களுக்காக அவர்களே நடத்தும் மருத்துவ நிலையம் ஒன்று அங்கே உண்டு: சியாட்டில் இந்தியன் ஹெல்த் போர்டு. (அமெரிக்க அரசின் ஏடுகளில் அந்த மக்களுக்கு இன்னமும் ‘இந்தியர்’ என்றுதான் பெயர், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) முகக்கவசம் போதவில்லை, பரிசோதனைக் கருவி போதவில்லை. உள்ளூர் நிர்வாகம், மாநில அரசு, மத்திய அரசு என்று எல்லாக் கதவையும் தட்டினார்கள். சுமார் மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பிணப் பைகள். கூடவே, இறந்தவரின் கால் விரலில் கட்டுகிற அடையாளச் சீட்டுகள்.

தவறுதலாக வந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. தவறாகவே இருக்கட்டும். உயிரைக் காப்பாற்றப் பொருள் கேட்டவர்களுக்குப் பிணத்தை மூடப் பொருள் போனால், அந்தப் பெட்டியைப் பிரித்தவர்களின் வயிறு எப்படி இருந்திருக்கும்?

அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் அபிகேல் எக்கோ-ஹாக். பானி இனத்தைச் சேர்ந்தவர். அந்த நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அந்தப் பைகளில் ஒன்றை எடுத்து உடையாகத் தைத்தார். அவர்கள் இனப் பெண்கள் விழாக்களில் அணியும், வண்ண ரிப்பன் வைத்துத் தைத்த நீண்ட உடை இருக்கிறதே, அதே வெட்டு, அதே ரிப்பன். துணிக்குப் பதில் பிணப் பை. அலங்காரத்துக்கு அந்த அடையாளச் சீட்டுகள். முன்னோர்கள் இத்தனையையும் தாங்கிப் பிழைத்ததற்கு உயிருள்ள சாட்சி நான் என்ற பொருளில் ஒரு வரியைச் சீட்டுகளில் எழுதினார். 2021-இல் ‘வோக்’ இதழ் அந்த உடையைப் பற்றி எழுதியது. ஃபேஷன் பத்திரிகையில் பிணப் பை இடம்பிடித்தது அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் என்னை உறுத்துகிற இன்னொரு சங்கதி, இது இரண்டாவது முறை என்பது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வாசகமாக் போன்ற ஒதுக்குப்புறப் பூர்வகுடி ஊர்கள் மருந்தும் முகக்கவசமும் கேட்டிருந்தன. அங்கேயும் அரசு அனுப்பிய சரக்கில் பிணப் பைகள் வந்தன. அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கை சுத்திகரிப்பானை அந்த ஊர்களுக்கு அனுப்பத் தயங்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? அதில் ஆல்கஹால் இருக்கிறதாம். குடித்துவிடுவார்களோ என்ற யோசனையாம்.

அனுப்பியவர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். கிடங்கில் இருந்து பெட்டி எடுத்தவருக்கு யாருக்குப் போகிறது என்பதே தெரிந்திருக்காது. ஆனால் பெட்டி எங்கே போக வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் சாகிறார்கள், யாருக்கு அவசரம் என்கிற கணக்கு. அந்தக் கணக்கில் இந்த மக்கள் இல்லை. அங்கேதான் கோளாறு.

எப்படி இல்லாமல் போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். வரவேற்பில் இருப்பவர் படிவத்தை நிரப்புகிறார். பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்கிறார். இனம் என்ற கட்டம் வரும்போது கேட்கக் கூச்சம், அல்லது நேரமில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் வெள்ளையர். பெயர் ஸ்பானியப் பெயராக இருந்தால் லத்தீன் அமெரிக்கர். எதுவும் பிடிபடாவிட்டால் ‘மற்றவர்’, இல்லாவிட்டால் ‘தெரியவில்லை’. அங்கிருந்து சளி மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது; ஆய்வகச் சீட்டில் அந்தக் கட்டம் பல நேரம் காலியாகவே போகும். நோயாளி இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழில் இன விவரத்தை எழுதுவது பெரும்பாலும் ஈமச் சடங்கு நிறுவனத்துக்காரர். அவரும் குடும்பத்தைக் கேட்டு எழுதினால் உண்டு, முகத்தைப் பார்த்து எழுதினாலும் உண்டு. பழங்குடியாகப் பிறந்து வாழ்ந்த ஒருவர் வெள்ளையராக அடக்கமாகிறார். இது ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு நேர்வதல்ல. இறப்புச் சான்றிதழ்களில் பூர்வகுடிகள் வேறு இனமாகப் பதிவாவது அங்கே ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் குறை.

இத்தனை ஓட்டைகளையும் தாண்டி எண்ணிக்கையில் மிஞ்சுகிறவர்களுக்கு அடுத்த கண்டம் காத்திருக்கிறது. எண்ணிக்கை மிகச் சிறியது, புள்ளியியல் ரீதியாக எதுவும் சொல்ல முடியாது என்று அட்டவணையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். வெள்ளையருக்கு ஒரு எண், கறுப்பினத்தவருக்கு ஒரு எண், ஆசியருக்கு ஒரு எண், இவர்களுக்கு ஒரு நட்சத்திரம். ‘நட்சத்திரக் குறி மக்கள்’ என்று தங்களைத் தாங்களே கசப்போடு சொல்லிக்கொள்கிறார்கள். முதலில் தவறாகப் பதிந்து எண்ணிக்கையைக் குறைப்பது, பிறகு எண்ணிக்கை குறைவு என்று சொல்லி மறைப்பது. இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இருக்க முடியுமா?

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. ஓர் ஆய்வை வெளியிட்டது. பூர்வகுடிகளிடையே கொரோனா தொற்று விகிதம் வெள்ளையரைப் போல 3.5 மடங்கு என்று அது சொன்னது. எல்லோரும் அந்த 3.5-ஐத்தான் மேற்கோள் காட்டினார்கள். நான் கவனித்தது அதன் கீழே இருந்த விவரத்தை. 50 மாநிலங்கள் உள்ள நாட்டில் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது 23 மாநிலங்களை மட்டும். இன விவரம் ஓரளவுக்காவது பூர்த்தியாக இருந்த மாநிலங்கள் அவ்வளவுதான். அதாவது எண்ணத் தெரிந்த இடத்தில் 3.5 மடங்கு. எண்ணாத இடத்தில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

கணக்கு பிசகினால் பணமும் பிசகும். இதற்கு ஷானி இனத்தின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கொரோனா நிவாரணச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, பழங்குடி அரசுகளுக்கென்று 800 கோடி டாலர் ஒதுக்கியது. பிரித்துக் கொடுக்க வேண்டியது நிதித்துறை. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை பேர் என்று அந்தந்த இனத்தாரிடமே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. நிதித்துறையே அதைக் கேட்டும் வாங்கியிருந்தது. ஆனால் முதல் தவணையைப் பிரித்தபோது அதை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுவசதித் துறை தன்னுடைய மானியத்துக்காக வைத்திருந்த மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில், ஓக்லஹோமாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஷானி இனத்தின் மக்கள்தொகை: பூஜ்யம். உண்மையில் அந்த இனத்தில் 3,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஆளே இல்லாத இனத்துக்கு எவ்வளவு கொடுப்பது? யாருக்கும் குறையாமல் கொடுத்த அடிமட்டத் தொகையான 1 லட்சம் டாலரைக் கொடுத்துவிட்டு மூடிவிட்டார்கள்.

ஷானி இனத்தார் நீதிமன்றம் போனார்கள். முதலில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. நோய் உச்சத்தில் இருந்த மாதங்களை வக்கீல்களோடு கழிக்க வேண்டியிருந்தது, வேறென்ன. ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று ஒரு சமூகம் நீதிபதி முன்னால் நிரூபிக்க வேண்டிய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கும் நம் பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இந்த மக்களிடம் எண்ணுவதற்கு ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். அமெரிக்காவில் 12 பழங்குடி நோய்ப்பரவல் ஆய்வு மையங்கள் உண்டு. 1996 முதல் தொடங்கப்பட்டவை. எக்கோ-ஹாக் நடத்தும் மையமும் அதில் ஒன்று. நகரங்களில் வாழும் பூர்வகுடிகளுக்கானது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மையங்களுக்கு மாநிலச் சுகாதாரத் துறைகளைப் போலவே பொதுச் சுகாதார அதிகார அமைப்பு என்ற தகுதியைக் கொடுத்தது. சட்டப்படி கேட்டால் தரவைக் கொடுத்தாக வேண்டும். 2020-இல் கேட்டார்கள். மாநிலங்களுக்குத் தாராளமாகப் போன நோய்த் தரவு இவர்களுக்கு மறுக்கப்பட்டது, அல்லது இழுத்தடிக்கப்பட்டது. அந்த ஜூன் மாதம் பத்திரிகையில் செய்தி வந்து நாறியது. 2022-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே விசாரித்து, மையங்களுக்குத் தரவு கிடைப்பதில் தடை இருந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தது. தங்கள் மக்களின் சாவு எண்ணிக்கை தங்கள் கைக்கு வர, தணிக்கை அறிக்கை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

எக்கோ-ஹாக் குழு வேறொரு வேலையும் செய்தது. தரவை அரசு கொடுக்காவிட்டால் என்ன, அரசு தரவை எப்படி வைத்திருக்கிறது என்பதை அளந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். ஒவ்வொரு மாநிலமும் பூர்வகுடிகளின் கொரோனா விவரத்தை எவ்வளவு முழுமையாகப் பதிகிறது, வெளியிடுகிறது என்று பார்த்து, பள்ளிக்கூடத்தில் போடுவதைப் போல ஏ-யில் தொடங்கி எஃப் வரை கிரேடு போட்டு 2021 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அறிக்கைக்கு வைத்த பெயர் ‘தரவு இனப்படுகொலை’. கடுமையான பெயர்தான். எனக்கு முதலில் அது மிகை என்று பட்டது. ஷானியின் பூஜ்யத்தைப் படித்த பிறகு அப்படிப் படவில்லை.

இதற்கு முன்பும் அவர்கள் இப்படிச் செய்ததுண்டு. 2018-இல் நகரங்களில் காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி 71 நகரங்களில் விசாரித்து 506 பேரின் விவரத்தைத் திரட்டினார்கள். 2016-இல் காணாமல் போன பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள் குறித்துப் பதிவான புகார்கள் 5,712. நீதித்துறையின் காணாமல் போனோர் தரவுத்தளத்தில் ஏறியவை 116 என்று அந்த அறிக்கை காட்டியது. கொரோனா வந்தபோது அவர்களுக்குப் பழகிய வேலைதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். தரவு தரவு என்று கேட்கிற இந்த மக்கள்தானே ஆராய்ச்சியாளர்கள் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள்? ஆமாம், சாத்துகிறார்கள். காரணம் இருக்கிறது.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுபாய் என்றொரு சின்ன இனம் வாழ்கிறது. காரில் போக வழியில்லாத ஊர். தபால் கோவேறு கழுதை முதுகில் இறங்குகிறது. அவர்களிடையே சர்க்கரை நோய் தலைவிரித்தாடியது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்குக் காரணம் தேடுகிறோம் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். சுமார் 200 பேர் கை நீட்டினார்கள். 2003-இல் அதே இனத்தைச் சேர்ந்த கார்லெட்டா திலூசி என்ற பெண் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மக்களின் ரத்தத்தை வைத்து வேறென்னென்னவோ ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. மனச்சிதைவு நோய், உறவுக்குள் கலப்பு, எந்தக் கண்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பது வரை. கடைசி விஷயம் அவர்களை அதிகம் காயப்படுத்தியது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதற்கெல்லாம் அனுமதி வாங்கினீர்களா என்று திலூசி எழுந்து கேட்டார். வழக்கு நடந்தது. 2010-இல் 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மிச்சம் இருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதும் என்று சமரசம் ஆனது. நவாஹோ இனத்தார் இதற்கு முன்பே, 2002-இல், தங்கள் நிலத்தில் மரபணு ஆராய்ச்சிக்குத் தடை போட்டிருந்தார்கள்.

ஆகவே இவர்கள் கேட்பது ‘எங்களையும் எண்ணுங்கள்’ என்பதோடு நிற்பதில்லை. எங்களைப் பற்றிய விவரம் யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை நாங்கள் முடிவு செய்வோம் என்பது அதன் மறுபாதி. கனடாவின் பூர்வகுடிகள் 1998-லேயே இதைத் தரவின் மீதான உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்று நான்கு கொள்கைகளாக வகுத்துவிட்டார்கள். 200 பேர் வாழும் ஊரில் மூன்று பேருக்கு நோய் என்று வெளியிட்டால், எந்த மூன்று வீடு என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் வெளியிட மாட்டோம் என்று ஓர் இனம் சொன்னால் அதுவும் நியாயம்தான். முழுக்கத் திறந்து வைப்பதே சிறந்தது என்று பேசும் தரவு நிபுணர்களோடு நான் இதில் உடன்படுவதில்லை.

சரி, கணக்கு தங்கள் கையில் இருந்த இடங்களில் என்ன செய்தார்கள்?

தெற்கு டகோட்டாவில் செயன் ரிவர் சூ இனத்தின் காப்புநிலம். அங்கே இருந்தது எட்டே படுக்கை கொண்ட மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் பயணம். கையிருப்பு எட்டு என்று தெரிந்துகொண்டு கணக்குப் போட்டவர்களுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. நோய் உள்ளே வரக் கூடாது. தங்கள் நிலத்துக்குள் நுழையும் சாலைகளில் சோதனைச் சாவடி வைத்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக, காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். நெடுஞ்சாலையை மறிக்க நீங்கள் யார் என்று மாநில ஆளுநர் கிறிஸ்டி நோயம் 2020 மே 8-ஆம் தேதி கடிதம் எழுதினார். 48 மணி நேரம் கெடு. தலைவர் ஹரால்ட் ஃபிரேசியர் முடியாது என்று பதில் எழுதினார். சாவடிகள் இருந்தன.

அரிசோனாவில் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்களின் ஊர் வைட்ரிவர். நெருக்கமான வீடுகள், ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, நம் கூட்டுக் குடும்பம் போல. நோய் தீயாய்ப் பரவியது. அங்குள்ள மருத்துவமனை மத்திய அரசினுடையது. ஆனால் ஊரைத் தெரிந்த சுகாதாரப் பணியாளர்கள் மருத்துவர்களோடு வீடுவீடாகப் போனார்கள். நோயாளியோடு யார் யார் பழகினார்கள் என்று தேடுவது எங்கும் நடந்ததுதான். இவர்கள் கையில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் கொண்டுபோனார்கள். திண்ணையில் உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்கியிருக்கும். மூச்சுத் திணறலே தெரியாமல் உள்ளே சரிந்துகொண்டிருப்பார். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆபத்தில் இருக்கும் முதியவர்களைக் குறித்துவைத்துக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தார்கள். தொற்று அவ்வளவு அதிகமாக இருந்தும், தொற்றியவர்களில் இறந்தவர்களின் விகிதம் மாநிலத்தின் விகிதத்தைவிடக் குறைவாக இருந்தது. நோய்த் தடம் தேடுவது பரவலை நிறுத்துவதற்கு மட்டுமல்ல, சாகப்போகிறவரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும் உதவும் என்று அந்த மருத்துவர்கள் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழுக்கு எழுதினார்கள்.

பிறகு தடுப்பூசி வந்தது. பூர்வகுடிகள் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அரசை நம்ப மாட்டார்கள் என்று வெளியே பேசினார்கள். வரலாறு தெரிந்தவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எக்கோ-ஹாக் குழு 2020 டிசம்பரில் அந்த மக்களிடமே கேட்டது. 46 மாநிலங்களில் 318 இனங்களைச் சேர்ந்த 1,435 பேர் பதில் சொன்னார்கள். போட்டுக்கொள்வோம் என்றவர்கள் 75 சதவீதம். ஏன் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சொன்னது, என் சமூகத்துக்கு நான் செய்ய வேண்டிய கடமை என்பது. ‘உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்’ என்று அரசு விளம்பரம் கத்திக்கொண்டிருந்தபோது, இந்த மக்களின் காதில் விழக்கூடிய வாக்கியம் ‘நம் பெரியவர்களைக் காப்போம்’ என்பது அந்தக் கணக்கெடுப்பால் தெரிந்தது. பிரசாரம் அப்படியே மாறியது. 2021-இன் முதல் பாதியில் அமெரிக்காவில் எல்லா இனங்களையும்விடப் பூர்வகுடிகளின் தடுப்பூசி விகிதம் முன்னால் இருந்தது.

செரோக்கி இனத்தார் யாருக்கு முதல் ஊசி என்று தாங்களே வரிசை போட்டார்கள். மருத்துவப் பணியாளர்கள், முதியவர்கள் ஆகியோரோடு முன்வரிசையில் நின்றது செரோக்கி மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் அப்போது சுமார் 2,000 பேர்தான் மிச்சம். பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் போனால் அவரோடு மொழியும் கொஞ்சம் போகும். மத்திய அரசின் எந்தப் படிவத்திலும் இப்படி ஒரு கட்டம் இருக்காது. தங்களை எண்ணத் தெரிந்தவர்களுக்குத்தான் இது தோன்றும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எண்ணுவது இவர்களுக்கு வெள்ளையர் கற்றுக்கொடுத்ததும் அல்ல. லக்கோட்டா, நகோட்டா மக்கள் எருமைத் தோலில் ஆண்டுக்கு ஒரு படம் வரைந்து வைப்பார்கள். அந்த ஆண்டில் நடந்த மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு படம். பெரியவர்கள் கூடி எது என்று முடிவு செய்வார்கள். லோன் டாக் என்பவர் வைத்திருந்த தோல் 1800-இல் தொடங்குகிறது. படங்கள் நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே வருகின்றன. தொடக்கத்திலேயே ஒரு மனித உருவம். தலையிலும் உடம்பிலும் சிவப்புப் புள்ளிகள். பெரியம்மை வந்த ஆண்டு. அம்மை, ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ என்று அடுத்தடுத்து வந்தவை அந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளை எப்படி அழித்தன என்பதற்கு ஒரே ஓர் எண் போதும்: 1918 நவம்பரில் அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற ஊரில் இருந்த 80 பேரில் 72 பேர் சில நாட்களில் இறந்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஜெயித்துவிட்டார்கள் என்று முடிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. 2019-இல் 71.8 ஆக இருந்த அமெரிக்கப் பூர்வகுடிகளின் சராசரி ஆயுள் 2021-இல் 65.2 ஆக விழுந்தது. இரண்டே ஆண்டில் 6.6 ஆண்டுகள். அமெரிக்க மக்களின் சராசரி ஆயுள் அந்த அளவில் இருந்தது 1944-இல். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாத நவாஹோ குடும்பங்களிடம் 20 விநாடி கை கழுவச் சொன்ன நாடு அது. கணக்கு சரியாக இருந்திருந்தால் குழாய் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை வீட்டில் குழாய் இல்லை என்று தெரியாமல் ஒரு குழாய்கூட வராது.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. கொரோனாவில் இந்தியாவில் எத்தனை பழங்குடியினர் இறந்தார்கள் என்று அரசு தனியாகக் கணக்கு வெளியிடவில்லை. அதற்கு முன்பே, 2018-இல், மருத்துவர் அபய் பங் தலைமையிலான குழு பழங்குடியினர் உடல்நலம் பற்றித் தந்த அறிக்கையில், இவர்களைப் பற்றி நம்பத் தகுந்த விவரமே இல்லை என்பதைப் பெரிய குறையாகச் சொல்லியிருந்தது. மாற்று வழி நமக்குத் தெரியாததும் அல்ல. நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர் பெண்களையே செவிலியராகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து, 1990 முதல் நடந்துவருகிறது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027-இல் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். நம் வாசகர்களில் பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர். கணக்கெடுக்கும் பொறுப்பு உங்களில் பலருக்கு வரும். வீட்டு வேலை, விடைத்தாள், தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவில்தான் வரும், தெரியும். மலைமேல் இருக்கும் குடியிருப்பு உங்கள் பட்டியலில் வந்தால், அடிவாரத்து டீக்கடையில் விசாரித்து எழுதிவிடாமல் மேலே ஏறிப் போங்கள். செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் இருளர்கள் சொந்த ஊரிலும் இல்லாமல், வந்த ஊரிலும் இல்லாமல் போய்விடாதபடி பாருங்கள். எந்தக் கட்டத்தையும் முகத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள். கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்